தொட்டிக்குள் ஒரு செஞ்சி மலை

மீன் தொட்டி வைத்திருப்பவர்களே, முதல் வேலையாக அந்த நீலப் படத்தை உரித்துப் போடுங்கள். பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே, பவளப்பாறையும் கடல்தாமரையும் அச்சடித்த பிளாஸ்டிக் தாள், அதைத்தான் சொல்கிறேன். நன்னீரில் வாழும் மீனுக்கு எதற்குக் கடல் படம்? தெர்மாகோலும் சிமெண்டும் வாங்கி, வீட்டிலேயே ஒரு பாறைச் சுவர் செய்து தொட்டிக்குள் நிறுத்திப் பாருங்கள். நான் நிறுத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி ஓடுவதே குறைந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் தொட்டி முன்னால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

என்னுடையது நாலடித் தொட்டி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. அதில் இருப்பவை மலாவி சிக்லிட்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைக் கரையை ஒட்டி வாழும் 'ம்புனா' கூட்டம். எலுமிச்சை மஞ்சளில் ஒன்று, கருநீலப் பட்டை போட்டு இன்னொன்று என்று சென்னை கொளத்தூர்க் கடைகளில் இவற்றைப் பார்த்தால் வெறுங்கையோடு திரும்ப மனசு வராது. பாறையை விட்டால் இந்த மீனுக்குப் பிழைப்பே இல்லை. பாறைமேல் படரும் பாசியைக் கொறித்துத்தான் வயிறு வளர்க்கிறது. பயந்தால் ஒளிவது பாறை இடுக்கில். ஆண் மீன்கள் முட்டிக்கொள்வதும் அந்த இடுக்கு யாருக்கு என்றுதான். அதை வெறும் கண்ணாடிப் பெட்டியில் விட்டால் வெளிறிப்போய் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும்.

மாதிரிக்கு எந்தப் பாறை என்று நான் யோசிக்கவே இல்லை. செஞ்சிதான்! திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். யாரோ கொண்டுவந்து அடுக்கியதுபோல் குண்டுக் குண்டாகப் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, இதோ உருளப் போகிறது என்று நிற்கும். மலாவி ஏரியின் தென்பகுதியில் கேப் மெக்லியர் பக்கமும் இப்படித்தான், பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் கரையிலிருந்து அப்படியே தண்ணீருக்குள் இறங்குகின்றன. அங்குள்ள ஏரித் தேசியப் பூங்காவை 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த சிக்லிட் மீன்களின் அருமையால்தான். ஆக, செஞ்சிப் பாறை என் மீனுக்கு அந்நியம் இல்லை.

செஞ்சிப் பாறையைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். சாம்பல் நிறம் என்று நாம் நினைப்பது சாம்பல் இல்லை. வெயில் படும் முதுகு வெளிறிக் கிடக்கும். மழைத்தண்ணீர் வழிந்த தடமெல்லாம் கறுப்பாக, மேலிருந்து கீழே தாரை தாரையாக இறங்கும். மண்ணைத் தொடும் அடிப்பாகத்தில் செம்மண் சாயம் ஏறியிருக்கும். விரிசல்களும் கண்டபடி ஓடாது. நெட்டுக்குத்தாக ஒன்று, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொன்று. இந்த நாலைக் கவனித்துவிட்டால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

இரண்டு அங்குலத் தெர்மாகோல் பலகைகளை சிலிக்கான் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ரொட்டி வெட்டும் பல் கத்தியால் செதுக்கினேன். இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தால் சொரசொரப்பு வருகிறது. ஹீட் கன்னைக் காட்டினால் விளிம்பெல்லாம் சுருங்கி உருண்டு, நூறு வருஷம் மழையில் நனைந்த கல் மாதிரி ஆகிறது. அப்போது எழும் புகை உடம்புக்கு ஆகாது. மொட்டைமாடியில், முகமூடி போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். தொட்டியின் மேல்பக்கம் குறுக்குக் கண்ணாடி இருந்தால் முழுச் சுவர் உள்ளே இறங்காது. அதனால் மூன்று துண்டாகச் செய்து, இணைப்பு விரிசலோடு விரிசலாக மறையும்படி வெட்டிக்கொண்டேன். வலது மூலையில் மட்டும் பின்னால் ஓர் அறை. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஹீட்டரும் அதற்குள் போய்விட்டன. தண்ணீர் போய்வர நைலான் வலை அடைத்த இரண்டு திறப்புகள். வெளியே ஒரு வயர்கூடத் தெரியாது!

அடுத்து சிமெண்டு. முதல் பூச்சு நீர் மோர்ப் பதத்தில்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் தெர்மாகோலின் துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும். அடுத்தடுத்த பூச்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கலாம். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், வெயில்ல காயப் போட்றாதீங்க. ஈரச் சாக்கு போட்டு மூடி, தண்ணி காட்டிக்கிட்டே இருங்க" என்றார். பொன்னான வார்த்தை. சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் பொடிப்பொடியாக உதிரும்.

இனிமேல்தான் எனக்கு உயிரான கட்டம். பழைய வீடுகளில் சிவப்புத் தரை போடுவார்களே, அந்த ஆக்சைடுப் பொடிதான் வண்ணம். கடைசிப் பூச்சுக்கு முந்தைய பூச்சில் கறுப்பு ஆக்சைடைத் தாராளமாகக் கலந்து எல்லா இடுக்கிலும் அடித்தேன். சுவர் முழுக்கக் கரியாக நின்றது. பிறகு வெள்ளைச் சிமெண்டில் துளி மஞ்சள், துளி கறுப்பு சேர்த்துக் குழைத்து, பிரஷ்ஷை அதில் தொட்டு, பழந்துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் மட்டும் லேசாக இழுத்தேன். ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! மேடு எழும்புகிறது, பள்ளம் இறங்குகிறது, அதுவரை தெர்மாகோலாக இருந்தது கண்ணெதிரே கல்லாகிறது. அடியில் கொஞ்சம் சிவப்பு ஆக்சைடு தடவியதும் செஞ்சியே வந்து இறங்கிவிட்டது.

ஒட்டுவதில் அலட்சியம் கூடாது. ஒரு கன அடி தெர்மாகோலைத் தண்ணீருக்குள் அமுக்கினால் 27 கிலோவுக்கு மேலான விசையோடு எழும்பப் பார்க்கும். பூச்சின் கனத்தால் அந்த விசை கொஞ்சம் குறையுமே தவிர, நின்றுபோகாது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானைப் பின்பக்கம் முழுக்கக் கோடு கோடாக இழுத்து, அமுக்கி ஒட்டி, ஓரங்களையும் அடைத்துவிடுங்கள். சிலிக்கானின் வினிகர் வாடை முழுக்கப் போகும் வரை தண்ணீர் விடாதீர்கள்.

மீனை விடவும் அவசரப்பட வேண்டாம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். தண்ணீரின் பி.எச். 11, 12 என்று ஏறும், அதில் எந்த மீனும் பிழைக்காது. நிரப்புவதும் கொட்டுவதுமாகப் பல தடவை செய்து, புதுத் தண்ணீர் சில நாள் நின்ற பிறகும் பி.எச். ஏறவில்லை என்று சோதித்துவிட்டுத்தான் மீன் விட வேண்டும். மலாவி மீனுக்கு 7.7 முதல் 8.6 வரை தோதானது என்பதால் லேசான காரம் நமக்கு அனுகூலமே. டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன் வளர்ப்பவர்கள் மீனுக்கு ஆகும் எபாக்ஸி பூச்சு ஒன்று கொடுத்துவிடுவது நல்லது.

இப்போது என் தொட்டியைப் பார்க்க வேண்டுமே! பின்னணி இருண்டதும் மஞ்சள் மீனின் மஞ்சள் ஏறிவிட்டது. விளக்கு நேராக விழும் பாறை முதுகில் பச்சைப் பாசி மெல்லப் படர, காலையில் கூட்டமாக வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கொறிக்கின்றன. ஒவ்வொரு ஆணும் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே காவல் நிற்கிறது. முட்டைகளை வாயிலேயே மூன்று வாரம்போல அடைகாக்கும் தாய்மீன், இரை எடுக்காமல் தாடை புடைக்க, நடு விரிசலுக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. அதே விரிசலில் பிறகு நகக்கண் அளவுக் குஞ்சுகள் தலைகாட்டின. வெறும் தொட்டியாக இருந்தால் பெரிய மீன்கள் விட்டு வைத்திருக்குமா?

உங்கள் பரணில் காலித் தொட்டி ஒன்று கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கித் துடையுங்கள். ஒரு தெர்மாகோல் பலகை, ஒரு பல் கத்தி, உங்கள் ஊர்ப் பக்கத்து மலையின் நாலு புகைப்படம், தொடங்க இவ்வளவு போதும்.