பதினொன்றிலிருந்து ஒன்று வரை

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி. நகரின் உட்தெருக்களிலும் அடையாறு அடுக்குமாடிகளின் வாசல்களிலும் ஏறக்குறைய ஒரே வாசகம் கொண்ட பலகைகள் தொங்குகின்றன. தஞ்சாவூர் ஓவியம், கேரள மியூரல், கிளாஸ் பெயின்டிங் கற்றுத்தரப்படும். இல்லத்தரசிகளுக்குத் தனி பேட்ச், காலை 11 முதல் 1 வரை. ஒரு கதையையோ கவிதையையோ வாசிக்கிற கவனத்தோடு இந்த வாசகத்தையும் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். இந்நகரில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கலை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் நேரம். டிபன் பாக்ஸ்கள் கட்டி அனுப்பியாகிவிட்டது, குழம்பு இறக்கியாகிவிட்டது, வேலைக்கு வரும் அக்கா பாத்திரம் தேய்த்துவிட்டுப் போய்விட்டார். அது பதினொரு மணி. ஒரு மணிக்கு மாமனாருக்குச் சாப்பாடு போட வேண்டும், எல்.கே.ஜி. பிள்ளையின் வேன் வந்துவிடும். யாருக்கும் இவள் தேவைப்படாத அந்த இரண்டு மணிநேரத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு வகுப்பை வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் அட்டவணையில் ஒரு நிமிடத்தைக்கூடக் கலைக்காத கலை இது.

அடுத்தது பெயர். இதற்கு 'ஹாபி கிளாஸ்' என்று பெயர். நான் சில ஆண்டுகள் இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மாமி, பி.எஸ்சி. கணிதம் படித்தவர், ஒருநாள் பலகையில் பசை தடவியபடியே சொன்னார்: "வீட்ல ஹாபின்னுதான் சொல்லியிருக்கேன். படிக்கப் போறேன்னு சொன்னா, இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போறேன்னு கேப்பா. ஹாபின்னா யாரும் கேள்வி கேக்க மாட்டா." அந்தச் சொல்லை நாம் இகழ்ச்சியாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த மாமிக்கு அது ஒரு முகமூடி. அதை அணிந்துகொண்டுதான் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தார். ஆனால் அந்த முகமூடிக்கு ஒரு விலை உண்டு. விளையாட்டாகச் செய்வதாகச் சொன்ன பிறகு, தீவிரமாகக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்க முடியாது. கற்றுக்கொடுப்பவரும் அப்படிக் கற்றுக்கொடுப்பதில்லை. என் விமர்சனம் இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

தஞ்சாவூர் ஓவிய வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒட்டுப் பலகையில் துணி ஒட்டி, சாக்கு மாவும் பசையும் கலந்து பூசி, காயவைத்து, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதன்மேல் கார்பன் தாள் வைத்து, தயாராக இருக்கும் வெண்ணெய்க் கிருஷ்ணனையோ கஜலட்சுமியையோ டிரேஸ் எடுக்க வேண்டும். ஜெய்ப்பூர் கற்களை ஒட்டி, மக்கு வைத்துப் புடைப்பு எழுப்பி, தங்க ரேக்கை வெட்டி ஒட்டி, பிறகு வண்ணம். இதில் ஒவ்வொரு வேலைக்கும் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. முதல் கோடு டிரேஸ். கடைசிக் கோடுகள், அதாவது முகமும் கண்ணும், நான் போன வகுப்புகளில் பெரும்பாலும் டீச்சரின் கை. "முகத்தை மட்டும் நான் போட்டுத் தரேன், கெட்டுடும்" என்பார்கள். மூன்று மாதம் உழைத்த பெண் எதைப் பார்த்தும் ஒரு கோடு வரைந்திருக்க மாட்டாள். படத்திலிருக்கும் கண்ணையும் அவள் வரைந்திருக்க மாட்டாள். பிறகு அது பூஜை அறைக்குப் போகும், அல்லது நாத்தனாரின் கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகப் போகும்.

வகுப்புக்கு வெளியே இதே பெண்களின் கைகள் என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். புள்ளி வைத்து, எங்கே தொடங்கினோமோ அங்கேயே வந்து முடிகிற சிக்குக் கோலத்தை, குனிந்த நிலையில், ரப்பரும் ஸ்கேலும் இல்லாமல், நூற்றுக்கணக்கானவர்கள் பார்க்கப் போட்டு முடிக்கிறார்கள். அந்தக் கைக்கு வகுப்பறையில் கார்பன் தாளைக் கொடுக்கிறோம். கோலத்தைப் பெண்களின் மரபுக்கலை என்று மேடையில் புகழ்கிறவர்கள் யாரும், அந்தக் கை அடுத்து எதை வரையலாம் என்று கேட்டு நான் கேட்டதில்லை.

வரையக் கற்பது என்பது பார்க்கக் கற்பது. உட்கார்ந்திருக்கும் ஓர் உடலின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே என்ன கோணம், நிழல் எங்கே முடிகிறது என்று உற்றுப்பார்க்கிற பயிற்சி அது. நெடுங்காலம் பெண்களுக்கு மறுக்கப்பட்டதும் இதுதான். 1768இல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கப்பட்டபோது நிறுவன உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகள் கழித்து ஜோஹன் ஜோஃபனி அகாடமி உறுப்பினர்களைக் கூட்டமாக வரைந்தார். நிர்வாண ஆண் மாடலைச் சுற்றி உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த அறைக்குள் பெண்கள் வரக்கூடாது என்பதால் இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இடம்பெறுகிறார்கள். அதன் பிறகு அங்கே ஒரு பெண் முழு உறுப்பினராக 1936 வரை ஆயிற்று. அவர் லாரா நைட். பாரிஸின் எக்கோல் தெ போசார்ட் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897இல். பெண்களில் ஏன் மகத்தான ஓவியர்கள் இல்லை என்ற கேள்விக்கு 1971இல் லிண்டா நோக்லின் பதில் தேடியபோது, திறமையை அளக்கப் போகவில்லை. வகுப்பறைக் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்று பார்த்தார்.

நம் ஊரின் கதவு பெரியமேட்டில் இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே படித்தவர் டி.கே. பத்மினி. கறுத்த, கனத்த, தனக்குள் ஆழ்ந்திருக்கிற பெண்ணுடல்களை அவர் வரைந்தார். ரவி வர்மாவின் பெண்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அவை எளிதாக இருந்திருக்காது. 1969இல், இளம் வயதிலேயே, பிரசவத்தில் இறந்துபோனார். அவ்வளவு குறுகிய வாழ்வில் அவருக்கு அது சாத்தியமானதில் பயிற்சிக்கும் பங்குண்டு. டிரேஸ் எடுத்து யாரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாது.

கைவினை வேறு, கலை வேறு. இல்லத்தரசிகள் செய்வது கைவினைதானே என்று ஒரு வாதம் வரும். 1966இல் பணிக்கரும் அவரது மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, அதற்கான பணம் பெருமளவு பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்று வந்தது. காலையில் பாத்திக், மாலையில் ஓவியம் என்று வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களை யாரும் ஹாபிக்காரர்கள் என்று அழைக்கவில்லை. கலைஞன் வயிற்றுக்காகக் கைவினை செய்கிறான் என்று கலை வரலாறு மரியாதையோடு எழுதிக்கொண்டது. அடையாறில் ஒரு பெண் தஞ்சாவூர் ஓவியம் விற்று மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினால் அதற்கு 'கைச்செலவுக்கு ஆச்சு' என்று பெயர்.

இந்த வகுப்பறையில் இல்லாதவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். வாரநாளில் பதினொரு மணிக்கு ஒருத்தி தூரிகை பிடிக்க, இன்னொருத்தி அவள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்திருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் தி. நகரின் துணிக்கடைகள். அங்கே புடவைகளைப் பிரித்துக் காட்டும் பெண்கள், வேலை நேரத்தில் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. இந்நகரில் உழைப்புக்கென்று இருக்கும் புகழ்பெற்ற உருவம் மெரினாவின் உழைப்பாளர் சிலை. அந்த ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959இல் நிறுவப்பட்டது. பாறையை நகர்த்தும் நால்வரும் ஆண்கள். நாள் முழுக்க நின்ற பெண்ணின் கணுக்கால் வீக்கத்தை யார் வரைந்திருக்கிறார்கள்? பதினொரு மணி வகுப்பில் உற்றுப்பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தால், புடவை வாங்கப் போகிற ஒருத்தியாவது அதைக் கண்டிருப்பாள். ஞாயிறு மாலையில் குறைந்த கட்டணத்தில் ஒரு வகுப்பு இருந்தால், நிற்கிறவளே அதை வரையலாம்.

இந்த இடத்தில் அச்சுக்கலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஹாபி பலகைகளில் நான் அநேகமாகப் பார்க்காத சொல் அது. துத்தநாகத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை ஏற்றி, பிரஸ்ஸில் உருட்டுகிற எட்சிங்கை வரவேற்பறையில் செய்ய முடியாது. அதற்குக் காற்றோட்டமான கூடமும் கனமான இயந்திரமும் வேண்டும். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அப்படிப்பட்ட கூடம் இருக்கிறது. அதாவது இந்தக் கலைக்காக ஒரு பெண் வீட்டைவிட்டு, 'பூஜை அறைக்கு ஒரு படம்' என்ற காரணமும் இல்லாமல், மை படிந்த கையோடு திரும்பி வர வேண்டியிருக்கும். இயந்திரம் கிடைக்காதவர்களுக்கு லினோ இருக்கிறது. லினோலியத் துண்டில் உளியால் செதுக்கி, ரோலரில் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தாலே போதும். பத்துப் பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 1/10, 2/10 என்று எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுவது இதன் வழக்கம். பத்தும் மூலப் படைப்புதான். ஒன்றைத் தோழிக்குக் கொடுக்கலாம், ஒன்றை விற்கலாம், ஒன்றைச் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டலாம்.

கேத்தே கோல்விட்ஸ் அச்சுக்கலையைத் தேர்ந்துகொண்டதில் இந்தப் பரவலுக்கும் இடமுண்டு. கலை அகாடமிகள் பெண்களைச் சேர்க்காததால் அவர் பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கான தனிப் பள்ளிகளில்தான் படித்தார். இன்றைய பேச்சில் சொன்னால் 'லேடீஸ் பேட்ச்'. இரு பிள்ளைகளை வளர்த்தபடி, பெர்லினின் தொழிலாளர் பகுதியில் மருத்துவரான கணவரைத் தேடி வந்த ஏழைப் பெண்களைப் பார்த்தபடி வேலை செய்தார். நெசவாளர்களின் கிளர்ச்சியைப் பற்றிய அவருடைய அச்சு வரிசைக்கு 1898இல் தங்கப் பதக்கம் பரிந்துரைக்கப்பட்டது. ஜெர்மன் பேரரசர் மறுத்துவிட்டார். 1919இல் பிரஷ்ய கலை அகாடமி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். பெண்களுக்கான தனி வகுப்பு என்பது தன்னளவில் சிறுமையானது அல்ல என்பதற்காகவே அவரைச் சொல்கிறேன். அங்கே என்ன கற்றுத்தரப்படுகிறது என்பதுதான் கேள்வி.

எனவே அந்த வகுப்புகளை மூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு மணிநேரத்தைப் பெண்கள் எவ்வளவு தந்திரமாகச் சம்பாதித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டணம் கட்டுகிறவர்களாக நாம் கேட்கக்கூடியவை சில இருக்கின்றன. டிரேஸ் எடுப்பதற்கு முன் வாரம் ஒருநாள் பார்த்து வரைதல். மாடலாக நாமே மாறிமாறி உட்காரலாம்; சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்ப்பதே நமக்குப் புதிது. படம் முடிந்ததும் "ரொம்ப அழகா இருக்கு" என்று முடித்துவிடாமல், எது சரியாக வரவில்லை, ஏன் என்று பேச ஒரு அரைமணி. ஆண்டுக்கொரு முறையாவது ஓர் அச்சுக்கூடத்துக்குப் பயணம். வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. படத்தின் கீழே வரைந்தவளின் பெயர்.

டீச்சர்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான். முகம் கெட்டால் கெடட்டும். ஒட்டுப் பலகை இன்னொன்று வாங்கிக்கொள்கிறோம். கண்ணை நாங்களே போடுகிறோம்.