நரக நிலையும் காவலர் பட்டமும்

எக்கலையையும் எடைபோடப் புகுவோர் முதலில் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. அது தன்னை அணுகுவோரிடம் எதைக் கேட்கிறது? காவியம் செவியையும் நினைவையும் கேட்கிறது. நாடகம் கண்ணையும் கண்ணீரையும் கேட்கிறது. கணினி விளையாட்டு என்னும் இளைய கலையோ மனிதனின் முடிவைக் கேட்கிறது. நிற்பதா, ஓடுவதா, அடிப்பதா, பொறுப்பதா என்று ஆடுபவரே நொடிதோறும் தேர்ந்தாக வேண்டும். தேர்வு பிழைத்தால் கதை அங்கேயே நின்றுவிடும். முடிவுகளால் நெய்யப்படும் இத்தகைய கலையில் அறம் பற்றிய வினாவும் உடன் எழுகிறது. ஆதலின் இதனைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்காது, ஒரு நூலை ஆய்வது போலவே ஆய்தல் தகும்.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட படைப்பு ‘டயாப்லோ 2’. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கிய பிளிசார்டு நார்த் நிறுவனத்தார் இதனை 2000ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்டனர். மறு ஆண்டில் ஐந்தாம் பகுதியைச் சேர்த்து விரிவாக்கினர். 2021இல் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளிவந்து இன்றும் ஆடப்படுகிறது. டயாப்லோ என்பது ஸ்பானிய மொழியில் அலகையைக் குறிக்கும் சொல். படைப்பாளருள் ஒருவரான டேவிட் பிரெவிக், கலிபோர்னியாவில் தாம் வாழ்ந்த இடத்திற்கு அருகிலிருந்த மலையின் பெயரையே தம் விளையாட்டுக்கு இட்டார். இப்பெயரைக் கேட்ட அளவில் முகஞ்சுளிப்போர் உளர். கதையிலோ அலகை போற்றப்படவில்லை, எதிர்க்கப்படுகிறது. பெயரைக் கண்டு அஞ்சுவோர் உண்மையில் அஞ்சவேண்டிய இடத்தைக் காணாமலே போய்விடுகின்றனர். அவ்விடத்தைப் பின்னர்க் காண்போம்.

இவ்விளையாட்டில் ஒரே கதையை மும்முறை கடக்கவேண்டும். முதல் முறை ‘இயல்பு நிலை’. இரண்டாவது ‘கொடுங்கனவு நிலை’. மூன்றாவது ‘நரக நிலை’. நிலப்பரப்பும் மாந்தரும் அவர்தம் உரையும் மூன்றிலும் ஒன்றே. மாறுவது எதிர்ப்பின் வலிமை. நெருப்பு, குளிர், மின்னல், நஞ்சு என நால்வகைத் தாக்குதல்கள் உள்ளன. அவற்றைத் தாங்கும் ஆற்றல் எண்ணால் குறிக்கப்படுகிறது. விரிவாக்கப் பதிப்பில், நரக நிலையில் கால் வைத்த அளவில் இவ்வெண்களில் ஒவ்வொன்றிலிருந்தும் 100 கழிக்கப்படும். கவசமேதும் துணைசெய்யாத வீரர், எதிரி எய்யும் நெருப்பின் சூட்டை இரு மடங்காக ஏற்பார். தாங்கும் ஆற்றலை 75 என்னும் வரம்பு வரை உயர்த்தியவரோ அதே நெருப்பில் கால் பங்கை மட்டுமே ஏற்பார். இருவருக்கும் இடையே எட்டு மடங்கு வேறுபாடு! வாளின் கூர்மையால் இவ்வேறுபாட்டை ஒருபோதும் ஈடுசெய்ய இயலாது.

இங்கேதான் படைப்பாளரின் நுண்மை புலப்படுகிறது. முதலிரு நிலைகளில் ஆடுபவர் கற்றது தாக்குதல். விரைந்து வெட்டுபவரே அங்கு விரைந்து வெல்கிறார். நரக நிலை அக்கல்வியைக் கவிழ்த்துவிடுகிறது. 1.10 என எண்ணிடப்பட்ட 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு இதனை மேலும் கடுமையாக்கிற்று. அங்குள்ள பேய்களுள் பல, ஏதேனும் ஒருவகைத் தாக்குதலுக்கு அறவே அசையாதவை. நெருப்பொன்றையே நம்பி வளர்ந்த மந்திரக்காரி, நெருப்புத் தீண்டாத எதிரியின் முன் வெறுங்கையளாக நிற்கிறாள். அவள் செய்யக்கூடியவை மூன்று: வேறொரு கலையையும் முன்னரே கற்றிருத்தல், துணைவர் ஒருவரை நாடுதல், விலகிச் செல்லுதல். மூன்றிற்கும் வேர் ஒன்றே. தன் வலிமைக்கு எல்லை உண்டென அவள் அறிந்திருத்தல் வேண்டும்.

இதனினும் கூரியதொரு சான்று உண்டு. நான்காம் பகுதியின் முடிவில், டயாப்லோ உறையும் மண்டபத்தில் சாபமிடும் மறவர் சிலர் உளர். அவர்கள் இட்டுவந்த சாபங்களுள் ஒன்று ‘இரும்புக் கன்னி’. அச்சாபத்திற்கு உட்பட்டவர் எதிரியை வெட்டினால், வெட்டின் வலி பன்மடங்காய்ப் பெருகி வெட்டியவரையே சேரும். வலிமை மிக்க வீரரே இதனால் விரைவில் மாண்டார். பிழைக்கும் வழி, சாபம் நீங்கும்வரை வாளை ஓங்காதிருத்தல் ஒன்றே. 2010ஆம் ஆண்டில் வந்த 1.13 பதிப்பில் இச்சாபத்தை அம்மறவரிடமிருந்து நீக்கிவிட்டனர். ஆடுவோர் பலர் மகிழ்ந்தனர். நமக்கோ அது ஓர் இழப்பாகவே படுகிறது. வன்முறையையே மொழியாகக் கொண்ட ஒரு படைப்பு, வன்முறை தன்னைச் செய்தவர்மீதே திரும்பும் என்பதை எண்ணாலும் செயலாலும் உணர்த்திய இடம் அது ஒன்றே. போதிப்பதுபோல் ஒரு சொல்லும் அங்கு இல்லை. கை தானே கற்றுக்கொண்டது.

திடம் என்னும் நற்பண்பை ஆய்ந்த புனித தோமா அக்குவினாஸ், தாக்குதலைவிடத் தாங்கி நிற்றலே அப்பண்பின் தலையாய செயல் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தார். தாக்குபவர் தம்மை வலியவராகக் கருதித் தாக்குகிறார். தாங்குபவரோ தம்மினும் வலியது எதிர்வந்தபோதும் நிலைபெயராது நிற்கிறார் என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. நரக நிலையின் கணக்கும் இதுவே. கலிபோர்னியாவின் கணிப்பொறியாளர்கள் அக்குவினாசைப் பயின்று இதனை இயற்றினர் என்று நாம் சொல்லவரவில்லை. துன்பத்தைக் கடத்தல் என்னும் பொருளை நேர்மையாகச் சிந்திப்போர் எவரும் வந்து சேரும் இடம் ஒன்றாயிருத்தலில் வியப்பில்லை.

ஆயினும் இதுகாறும் கூறியது பாதி உண்மையே. வழக்கமான ஆட்டத்தில் இறப்புக்கு இறப்பின் பொருள் இல்லை. நரக நிலையில் மாண்டவர், அடுத்த படிக்கு வேண்டிய அனுபவத்தில் 10 விழுக்காட்டையும் பொன்னில் ஒரு பங்கையும் இழப்பார். ஊரில் மீண்டும் எழுவார். தம் உடலைத் தேடிச் சென்று உடைமைகளையும் இழந்த அனுபவத்தில் முக்கால் பங்கையும் மீட்டுக்கொள்வார். இது இறப்பன்று, தண்டத்தொகை. தண்டத்தொகையைக் கட்டிவிட்டுத் தவற்றைத் தொடர்வோர் உலகில் எத்தனை பேர்!

இக்குறையைப் படைப்பாளர் அறிந்தே இருந்தனர். ஆதலின் ‘ஹார்டுகோர்’ என்னும் மற்றொரு முறையையும் வைத்தனர். அதில் பாத்திரத்திற்கு ஒரே உயிர். இறந்தால் இறந்ததே, எத்தனை திங்கள் உழைத்து வளர்த்ததாயினும் மீளாது. இதன் மூலம் பழையது. 1980ஆம் ஆண்டளவில் தோன்றிய ‘ரோக்’ என்னும் எழுத்துருவ விளையாட்டும் அதன் வழிவந்தவையும் மீளா இறப்பையே விதியாகக் கொண்டிருந்தன. அம்மரபில் ஊறியே பிரெவிக் முதல் டயாப்லோவை உருவாக்கினார். மேலும், 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒருமுறையேனும் இயல்பு நிலையை முடித்தவருக்கே இம்முறை திறந்தது. பழகாதவரை அதற்குள் இழுக்கலாகாது என்ற கருணை அதிலுண்டு.

ஒரே உயிர் என்றான பின், அதே நரகம் வேறொரு நரகமாகிறது. பேய்களும் பாதைகளும் மாறவில்லை. நடப்பவரின் நடை மாறிவிட்டது. கதவைத் திறக்குமுன் நிற்கிறார். ஊருக்குத் திரும்பும் வாயிலை முன்னதாகவே திறந்து வைக்கிறார். ஐந்தாம் பகுதியின் உலகக்கல் கோட்டையில், திரைக்கு அப்பாலிருந்து மின்னல் எய்யும் ஆவிகளின் ஒலி கேட்டவுடன், பெருமை பாராது பின்வாங்குகிறார். கூடி ஆடும்போது, ‘நான் மாண்டால் என் உடைமைகளை நீ எடுத்துக்கொள்ளலாம்’ எனத் தோழருக்கு முன்கூட்டியே இசைவு தரும் ஏற்பாடும் இம்முறைக்கெனவே உண்டு. உயிருள்ளபோதே எழுதும் இறுதி விருப்பம் அன்றோ அது! இறப்பை நினைத்தல் வாழ்வை நேராக்கும் என முன்னோர் சொன்னதை, பதினெட்டு வயது இளைஞர் தம் விரல்நுனியில் உணரும் இடம் இது.

இறப்பும் இங்கு எப்போதும் நீதியுடன் வருவதில்லை. இணையத்தொடர்பு ஒரு கணம் அறுந்தாலும் பாத்திரம் அசைவற்று நின்று மாளும். அவ்வாறு மாண்டதை நிறுவனத்தார் மீட்டுத் தருவதில்லை. இது கொடிது என்று முறையிடுவோர் உளர். ஆனால் தன் பிழையின்றி வரும் இழப்பையும் ஏற்று மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்குவோரின் பொறுமையில் ஒரு பெருந்தகைமை இருப்பதை எவர் மறுக்கவல்லார்?

இனி, அஞ்சவேண்டிய இடம் எது என்பதற்கு வருவோம். நரக நிலையில் பிழைக்கக் கற்றவர் அடுத்து என்ன செய்கிறார்? அங்கேயே குடியேறிவிடுகிறார்! அரிய அணிகளும் ஆயுதங்களும் அங்குதான் கிட்டும். ஆதலின் மூன்றாம் பகுதியின் தலைவனான மெஃபிஸ்டோவை நூறு முறை, ஆயிரம் முறை கொல்கிறார். கொன்றது தீமையை ஒழிக்கவா? அவன் உடலிலிருந்து உதிரும் பொருளுக்காக. தாந்தே தம் காவியத்தில் நரகத்தின் ஊடே ஒருமுறை நடந்து, கண்டவற்றால் நடுங்கி, மேலேறிச் செல்கிறார். இங்கோ நரகம் சந்தையாகிவிட்டது. இணையத்தில் ஆடியோரிடையே ‘யோர்தான் கல்’ என்னும் மோதிரமே ஒரு காலத்தில் நாணயமாய்ப் புழங்கிற்று, முறைகேடாக நகலெடுக்கவும்பட்டது. தூய்மைக்குப் பெயர்பெற்ற ஆற்றின் பெயர், கள்ள நாணயத்தின் பெயராய் முடிந்தது. துன்பத்தைத் தாங்கக் கற்பித்த நிலையே ஆசையை வளர்க்கும் நிலையாகவும் இருப்பது இப்படைப்பின் ஆழ்ந்த முரண். இரத்தமும் எலும்பும் வரைந்த ஓவியங்களால் இளையோர் கெடுவரோ என்று ஏங்குவதைவிட, இன்னும் ஒருமுறை, இன்னும் ஒரு பொருள் என்று விடியும்வரை அவர்களை இருத்திவைக்கும் இச்சுழற்சியைப் பற்றி ஏங்குவதே பொருந்தும்.

வியப்பென்னவெனில், கதையே இதனை முன்னுணர்ந்து எச்சரிக்கிறது. முதல் விளையாட்டில் டயாப்லோவை வீழ்த்திய வீரர், அவன் ஆவி அடங்கிய கல்லைத் தம் நெற்றியிலேயே பதித்துக்கொள்கிறார். தீமையைத் தம்முள் அடைத்து ஆண்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். இரண்டாம் விளையாட்டில் அவரே கரிய அங்கியணிந்த அலைவோராய் ஊர்களை அழித்துச் சென்று, ஈற்றில் டயாப்லோவாகவே மாறுகிறார். விரிவாக்கத்தின் முடிவில், விவிலியத்தில் பாகால் என வழங்கும் பெயரைத் தாங்கிய பேய் வீழ்ந்த பின்னும் வெற்றி முழக்கம் இல்லை. கறைபட்டுப்போன உலகக்கல்லை அதிதூதர் டைரேல் தம் வாளை எறிந்து தகர்க்கிறார். வென்றவர் கையில் எஞ்சுவது இழப்பே. கதை இவ்வாறு பேராசைக்கும் தன்னம்பிக்கையின் செருக்கிற்கும் எதிராகப் பேச, ஆட்டத்தின் அமைப்போ மறுநொடியே, ‘மீண்டும் வா, மீண்டும் அள்ளு’ என்று அழைக்கிறது. நாவும் கையும் ஒவ்வாத படைப்பு இது. இதன் கலைக்குறை அங்கேதான் உள்ளது.

பட்டங்களைக் கொண்டே நம் மதிப்பீட்டை நிறைவு செய்யலாம். ஹார்டுகோர் முறையில் இயல்பு நிலையை முடித்தவருக்கு ‘அழிப்பவர்’ என்றும், கொடுங்கனவைக் கடந்தவருக்கு ‘வெற்றிகொண்டவர்’ என்றும், நரகத்தைக் கடந்தவருக்குக் ‘காவலர்’ என்றும் பொருள்படும் பட்டங்கள் விரிவாக்கப் பதிப்பில் வழங்கப்படுகின்றன. அழித்தலினின்று காத்தலுக்கு ஏறும் இவ்வரிசை, படைப்பாளர் எழுதியவற்றுள் மிகச் சிறந்த வரியென்பது நம் துணிபு. ஆனால் காவலர் எதைக் காத்தார்? ஆட்டத்தின்போது ஊருக்குள் நிற்கும் மாந்தரைப் பேய்கள் தாக்குவதில்லை. அங்கு அவர்க்குக் காவல் நிற்கவேண்டிய தேவை எழுவதில்லை. தனித்து ஆடியவர் தம் ஓருயிரையும் பெட்டி நிறைந்த பொருளையும் மட்டுமே காத்தார்.

கூடி ஆடுவோருக்கோ வேறொரு வாய்ப்பு உண்டு. எட்டுப் பேர் வரை ஒன்றாகச் செல்லலாம். புதிதாய் ஒருவர் சேருந்தோறும் பேய்களின் உயிர்வலிமை பாதியளவு கூடுகிறது. எண்மர் கூடினால் நாலரை மடங்காகிறது. துணை வருபவர் சுமையையும் உடன் கொண்டே வருகிறார். அச்சுமையை ஏற்று, வலிமை குன்றிய தோழர் முதலில் வாயிலைக் கடந்து ஊர் சேரும்வரை, தம் ஒரே உயிரைப் பணயம் வைத்து நரகத்தின் முன்வரிசையில் நிற்பவர் ஒருவர் இருப்பாராயின், அவருக்கே அப்பட்டம் முழுதும் பொருந்தும். விளையாட்டின் விதிகள் அவ்வாறு நிற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. நின்றவர் உளர் என்பதை ஆடியோர் அறிவர்.