படத்தின் அளவும் புள்ளியின் செறிவும்
மறிச்சுக்கட்டி முத்துக் கணக்கை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மன்னார்க் கரையின் தென்பாலுள்ள மறிச்சுக்கட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில கிழமைகள் மாத்திரம் பெருநகராய்த் திரண்டு, முத்துக்குளிப்பு முடிந்ததும் மீண்டும் மணற்பரப்பாய் அடங்கிய இடமாகும். அக்காலத்துச் சிப்பிக் கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன. 1892 முதல் 1902 வரை பதினோராண்டுகள் குளிப்பே நிகழவில்லை. 1903 இல் 4 கோடி 11 இலட்சத்து 80 ஆயிரம், 1904 இல் 4 கோடி 10 இலட்சத்து 39 ஆயிரம், 1905 இல் 8 கோடி 15 இலட்சம், 1906 இல் 6 கோடி 71 இலட்சம் என்றவாறு சிப்பிகள் எடுக்கப்பட்டன. பதினைந்தே எண்கள், அவற்றுள்ளும் பதினொன்று பூச்சியம். இத்துணைச் சிறிய கணக்கைப் புள்ளிவிபர மென்பொருளைக் கொண்டு வரைபாக்குங்கால் நேரும் பிழைகள் வியப்பைத் தருவன.

நியூசிலாந்திலே தோன்றிய 'ஆர்' என்னும் மென்பொருள், பயன்படுத்துவோர் யாதும் கூறாவிடின், 480 படப்புள்ளி அகலமும் அதேயளவு உயரமும் உடைய சதுரப் படத்தைத் தரும். சதுரம் எவர்க்கும் உரியதன்று. அது மென்பொருள் ஆக்கியோர் தெரிந்துகொண்ட ஓர் இயல்புநிலை மாத்திரமே. நாலரை அங்குல அகலமான அச்சுப்பக்கத்தில் அதனை இழுத்துப் பொருத்தின், அங்குலத்துக்கு ஏறத்தாழ 107 புள்ளிகளே எஞ்சும். எழுத்துக்கள் பஞ்சுபோற் கலங்கும்.

இதனைக் கண்டோர் இருவழியிற் பரிகாரம் தேடுவர். படப்புள்ளிகளை 1350 க்கு 900 ஆகப் பெருக்குவோர், செறிவைக் குறிப்பிட மறந்துவிடின், மென்பொருள் அங்குலத்துக்கு 72 என்றே கொண்டு எழுத்துக்களை வரையும். அச்சில் அவை மூன்று புள்ளியளவுக்குச் சிறுத்து எறும்பூர்ந்த தடமாகும். மற்றையோர் படப்புள்ளிகளை 480 ஆகவே விடுத்துச் செறிவை மாத்திரம் 300 ஆக்குவர். அப்போது படம் 1.6 அங்குலமாய் ஒடுங்கும். மேலும் கீழுமான ஓரங்களோ 1.84 அங்குலம் வேண்டுவன. ஓரங்கள் மிகப் பெரியன என்று மென்பொருள் வரைய மறுக்கும். அம்மறுப்பைக் கருவியின் குறையென நோவோர் பலர். உண்மையில் அது நேர்மையான விடையாகும். முதலில் அங்குலத்தில் அளவையும், அதன்பின் செறிவையும் குறிப்பிட்டால் இவ்விரு இடர்களும் எழா.

எனினும் 300 என்னும் எண்ணை மந்திரம்போல் ஓதுவோர் கருதுவதுபோல, செறிவு மிகுந்தாற் காட்சி மிகும் என்பது பொருந்தாது. 1903, 1904 ஆகிய ஈராண்டுகளின் வேறுபாடு ஏறத்தாழ ஓர் இலட்சத்து நாற்பதினாயிரம் சிப்பிகள். ஓரங்களைச் சுருக்கி, வரைபரப்பை இரண்டங்குல உயரமாக்கி, ஒன்பது கோடி வரை அளவிடை வகுத்தால், 300 செறிவில் ஒரு படப்புள்ளி ஒன்றரை இலட்சம் சிப்பிகளைக் குறிக்கும். எனவே அவ்வேறுபாடு ஒரு படப்புள்ளிக்கும் உட்பட்டது. செறிவை 600 ஆக்கினும் அங்குலத்தின் முந்நூற்றிலொரு பங்கை அது தாண்டாது. கையிற் பிடித்துப் படிப்பவர் கண்ணுக்கு இரு தூண்களும் ஒன்றே. இது குறையன்று. கடல் ஈராண்டிலும் ஒரேயளவு தந்தது என்பதே அக்கணக்கின் பொருள். அரசாங்கத்தின் வருவாயோ 8 இலட்சத்து 29 ஆயிரம் ரூபாவிலிருந்து 10 இலட்சத்து 65 ஆயிரம் ரூபாவாக உயர்ந்தது. சிப்பி பெருகாமலே பணம் பெருகிய இந்நிலையைக் காட்ட வேண்டுவது இரண்டாவது வரைபேயன்றி இரண்டு மடங்கு செறிவன்று.

கோப்பு வகையும் ஈண்டு கருதற்பாலது. ஜேபெக் வகை ஒளிப்படத்துக்கு உரியது. வரைபின் எழுத்தோரங்களிலே அது அழுக்குப் படியவைக்கும். பி.என்.ஜி. அக்கேட்டைச் செய்யாது. பி.டி.எப்., எஸ்.வி.ஜி. என்பவற்றிற் கோடுகள் கோடுகளாகவே சேமிக்கப்படுதலின் அவற்றுக்குச் செறிவென்னும் வினாவே எழாது. தமிழிற் பெயரிடுவோர்க்கு மாத்திரம் ஓர் எச்சரிக்கை: 'ஆர்' மென்பொருளின் வழக்கமான பி.டி.எப். வழி தமிழெழுத்தை ஏற்பதில்லை. கெய்ரோ வழியையே நாடவேண்டும்.

அளவு பற்றிய வினா பக்கத்தோடு முடிவதன்று. 1903, 1904, 1905 ஆகிய மூவாண்டுகளை மாத்திரம் எடுத்துச் சதுரத்துள் நிறைத்தால், முடிவில் மேனோக்கிப் பாயும் ஒரு செல்வத்தின் தோற்றமே கிட்டும். பதினைந்தாண்டையும் அகன்ற, தாழ்ந்த பரப்பில் வரைந்தால், இடப்பக்கம் முக்காற்பங்கு வெறுமையாய்க் கிடக்கும். பார்களின் இயல்பு அவ்வெறுமையிலேதான் உள்ளது. அழகு கருதி அதனை வெட்டுவோர் உளர். வளமிக்க அவ்வாண்டுகளை அடுத்து, 1906 முதல் இருபதாண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா குத்தகையில், முத்துப் பார்கள் ஒரு கம்பனிக்கு விடப்பட்டன. 1907 க்குப் பின்னர்ப் பல ஆண்டுகள் சிப்பி விளையவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி நொடித்தது.