இல்லாத குரலும் காந்தச் சுருளும்

யாரும் பேசாதபோது கேட்கும் குரலை மூளையின் எந்தப் பகுதி உண்டாக்குகிறது? ஸ்கேன் படம் இதற்குப் பாதி விடைதான் தரும். குரல் கேட்கும் நேரத்தில் ஒரு பகுதி இயங்குவதைக் காட்டும். அது குரலைப் பிறப்பிக்கிறதா, பிறந்த குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று சொல்லாது. அப்பகுதியை அடக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது மூளையைக் காந்தத்தால் தூண்டும் ஆய்வாளர்களின் வாதம். வாதத்தில் குறையில்லை. செய்து காட்டிய விதத்தில்தான் குறை.

2000இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹாஃப்மன் குழு, மனச்சிதைவு நோயாளிகள் 12 பேரின் இடக்காதுக்குச் சற்று மேலே காந்தச் சுருளைப் பிடித்து, நொடிக்கொரு காந்தத் துடிப்பைச் செலுத்தியது. குரல்கள் தணிந்தன என்று லான்செட் இதழில் எழுதியது. 2003இல் 24 பேரிடம் நடத்திய ஆய்வும் அதையே சொன்னது. 2011இல் நெதர்லாந்தில் ஸ்லோடெமா குழு 62 பேரை மூன்று பிரிவாக்கியது. சிலருக்கு, குரல் கேட்கையில் அவரவர் மூளையில் இயங்கிய இடத்தை ஸ்கேனில் கண்டு அங்கேயே தூண்டல். சிலருக்கு வழக்கமான இடத்தில். மற்றவர்களுக்குப் போலித் தூண்டல், அதாவது தூண்டுவதுபோன்ற பாவனை மட்டும். பலனில் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு தென்படவில்லை. குறிபார்த்து அடித்தும் போலியை வெல்ல முடியவில்லை என்பது எனக்கு மிகக் கனமான சான்று.

போலித் தூண்டலே இத்துறையின் பலவீனமான கண்ணி. சுருள் ஒவ்வொரு துடிப்பிலும் காதருகே 'டக்'கென்று உரத்து ஒலிக்கிறது. தலைத்தோல் சுண்டுகிறது, சில நேரம் முகத்தசை இழுக்கிறது. இல்லாத ஒலியைப் பற்றிய ஆய்வில் கருவியே ஒலி எழுப்புகிறது! ஹாஃப்மன் செய்ததுபோல் சுருளைச் சாய்த்துப் பிடித்தால் ஒலி இருக்கும், சுண்டல் குறையும். தனக்கு உண்மையானது கிடைத்ததா என்று நோயாளி ஊகிக்க அதுவே போதும். முடிவோ அவர் தரும் மதிப்பெண்ணில் நிற்கிறது. தவிர, நொடிக்கொரு துடிப்பு மூளையை அடக்கும் என்ற நம்பிக்கை, கைத்தசையை இயக்கும் பகுதியில் அளந்து பெற்றது. பேச்சைக் கேட்கும் பகுதிக்கும் அது பொருந்துமென்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மான்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டின் அறுவை மேசை இதைவிட வலுவான சாட்சி. காதையொட்டிய மூளைப் பகுதியான பொட்டு மடலில் மின்சாரம் பட்டதும், விழித்திருந்த நோயாளிகள் சிலர் குரலும் இசையும் கேட்டார்கள். 1963இல் அவரும் உடன் ஆய்வாளர் பெரோவும் தந்த கணக்கில், அந்த மடலில் தூண்டப்பட்ட 520 பேரில், ஒலியோ காட்சியோ அனுபவமாக எழப்பெற்றவர்கள் 40 பேர்தான். அவர்களும் வலிப்பு நோயாளிகள். அம்மடலால் குரலை எழுப்ப முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது. மனச்சிதைவில் எழுப்புவது அதுதான் என்பது நிலைநாட்டப்படவில்லை.

ஆகவே, குரலின் பிறப்பிடத்தைக் காந்தம் காட்டிவிட்டது என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. மருந்துக்கும் அடங்காத குரலோடு வாழ்பவரிடம் அதை உறுதியாகச் சொல்வது அநீதி. முறையைக் கைவிடச் சொல்லவில்லை. அதே ஒலியும் அதே சுண்டலும் தரும் வேறொரு இடத்தைத் தூண்டி ஒப்பிடட்டும். குரல் எப்போது எழுகிறது, எப்போது ஓய்கிறது என்பதை அந்தந்தக் கணமே நோயாளியைப் பொத்தானழுத்திப் பதிவுசெய்யச் சொல்லட்டும். அப்போதும் இடக்காதுக்கு மேலே தூண்டுகையில் மட்டும் குரல் அடங்கினால், என் தீர்ப்பை மாற்றிக்கொள்வேன்.