செங்கோல் வளைந்த இடம்

நல்லது எவ்வாறு கெடுகிறது என்னும் வினாவுக்கு விடை தேட மதுரை மண்ணில் வாழும் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் நடுவில் அமைந்த மதுரைக் காண்டமே அவ்வினாவை நம்முன் வைக்கிறது. 1892ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் இக்காப்பியத்தைப் பதிப்பித்த நாள்முதல் அறிஞர் பலர் இதனை ஆராய்ந்துள்ளனர். கோவலன் கொலைக்குப் பொற்கொல்லனின் வஞ்சகமே காரணம் என்பார் உளர். ஊழே காரணம் என்பாரும் உளர். இரண்டுக்கும் நூலில் இடமுண்டு. ஆயினும் அவற்றோடு நின்றுவிட்டால், அடிகள் காட்டும் வேறொன்று நம் கண்ணுக்குத் தப்பிவிடும். இக்காண்டத்தில் அழிவுக்கு வழிவிடுவோர் பெரும்பாலும் தீயவர் அல்லர், நல்லவரே.

முதலில் கோவலனைப் பார்ப்போம். அவன் கொலையுண்பதற்குச் சற்று முன்னர், அடைக்கலக் காதையில், மாடல மறையோன் அவனுடைய பழைய நற்செயல்களை எடுத்துரைக்கிறான். மதயானையிடம் சிக்கிய முதியவரைத் தன் உயிரைப் பொருட்படுத்தாது காத்தவன் அவன். கீரியைக் கொன்ற பழியால் கணவனைப் பிரிந்த பெண்ணுக்குப் பொருள் தந்து, குடும்பத்தை மீண்டும் ஒன்றுசேர்த்தவன். பொய்ச்சான்று சொன்ன ஒருவனைப் பூதம் பற்றியபோது அவனுக்கு ஈடாகத் தன்னுயிரையே தர முன்வந்தவன். இவற்றைப் புகார்க் காண்டத்திலேயே சொல்லியிருக்கலாம். சாவின் வாயிலில் சொல்லவைத்ததில்தான் அடிகளின் திறம் விளங்குகிறது. எண்ணிப் பாராமல் வறியோர்க்கு வழங்கிய கைதான் எண்ணிப் பாராமல் மாதவியின் மனையில் குலநிதி அனைத்தையும் இறைத்தது. கை ஒன்றே, அளவறியாமையே அதனைக் கெடுத்தது.

அடுத்துப் பாண்டியன். ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் மனம் ஈடுபட்டதைக் கண்ட அரசி, தலைவலி என்று சொல்லி ஊடிச் சென்றுவிடுகிறாள். அவளைத் தேற்ற விரைகிறான் மன்னன். அந்த வேளையில்தான் பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொணர்க என்று, நின்று ஒரு கேள்வியும் கேளாமல், ஆணையிட்டுவிடுகிறான் அரசன். மனைவியிடம் அன்பு கொள்வது குற்றமா? அன்று, அது நல்லதே. ஆனால் முறை வழங்க வேண்டிய நேரத்தை அந்த அன்பு எடுத்துக்கொண்டது. தீமை தனித்து நிற்கும் ஒரு பொருளன்று, நன்மையில் நேரும் குறைபாடே என்று தூய அகுஸ்தினார் கற்பித்தார். அக்கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் உண்டோ என்று தெரியவில்லை.

மூன்றாவது, காவலர். கோவலனைக் கண்டதும், இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்கிறார்கள். சரியாகவே கண்டார்கள்! ஆனால் கள்வரின் எட்டுவகைத் தந்திரங்களைப் பொற்கொல்லன் விரித்துரைக்கக் கேட்டுத் தயங்கி நின்றார்கள். அந்த இடைவெளியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான். ஐயம் எழுந்தும் வாய் திறந்து தடுக்காத அறிவு யாரைக் காப்பாற்றும்?

ஊழ் என்போருக்கும் அடிகள் விடை வைத்திருக்கிறார். முற்பிறப்பில் கோவலன் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டிக் கொலைப்படுத்தினான் என்கிறது மதுராபதித் தெய்வம். ஆக, ஊழின் வேரிலும் இருப்பது ஆராயாத குற்றச்சாட்டே. அதே தெய்வம் பாண்டியர் செங்கோலின் சிறப்புக்குச் சான்றாக வார்த்திகன் கதையையும் சொல்கிறது. பொய்ப்பழியால் சிறைப்பட்ட அவனை விடுவித்து, அவனிடம் பொறுத்தருள வேண்டி, திருத்தங்காலையும் வயலூரையும் கொடுத்தான் மன்னன். அங்கே பிழையைத் திருத்த முடிந்தது, வார்த்திகன் உயிரோடிருந்தான். கோவலன் விடயத்திலோ, கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, தானே கள்வன் என்று ஏற்று உயிர்விடுவதைத் தவிர மன்னனுக்கு வேறு வழியில்லை.

இத்தோடு முடிந்ததா? இல்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பத்தினித் தெய்வத்துக்கு ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது காப்பியம். ஒருவன் செய்த வஞ்சகத்துக்கு ஒரு தொழிற்குலமே உயிர் கொடுத்தது. கண்ணகிக்கு நீதி வேண்டும் என்ற நல்ல எண்ணம், விசாரணையற்ற கொலையாக மறுபடியும் மாறியது. இதனைக் காப்பியம் கண்டிக்காமல் கடந்து செல்வது எனக்கு உடன்பாடன்று. அடிகளிடம் கொண்ட மதிப்பு குறையாமலேயே இதைச் சொல்லலாம். கோவலனுக்காகக் கலங்கும் நெஞ்சம், பெயரற்ற அந்த ஆயிரவருக்காகவும் கலங்க வேண்டாமா?

இது பழங்கதை என்று நூலை மூடிவைக்க இயலவில்லை. 2025 ஜூன் மாதத்தில், மதுரைக்கு அண்மையில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில், நகை காணாமற்போனது என்னும் புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் காவலர் பிடியில் உயிரிழந்தார். மீண்டும் ஒரு நகை, மீண்டும் அதே வைகைச் சமவெளி. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. விசாரணைகள் பின்னர் வரலாம். போன உயிர் வருவதில்லை.

குற்றம் தடுப்பது நல்லது. உடைமை காப்பது நல்லது. பாதிக்கப்பட்டோர்க்கு இரங்குவதும் நல்லதே. இவற்றுள் எதுவும் கேள்வி கேட்கும் பொறுமையை இழந்தால் கெட்டுவிடும். அரண்மனைக்கு மட்டுமன்று, நம் இல்லங்களுக்கும் பங்குகளுக்கும் இது பொருந்தும். வீட்டுவேலை செய்யும் பெண்மீது, அன்பியத்தில் ஒருவர்மீது, பழிச்சொல் ஒன்று நம் செவிக்கு வரும்போது, நாமும் எங்கோ விரைந்துகொண்டுதான் இருப்போம். அந்த நொடியில் நின்று, "நீ கண்டாயா?" என்று கேட்போமா? பாண்டியன் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்வியைத்தான்.