கொள்ளைநோய் நூல்களும் வள்ளுவர் வகுத்த நாற்கூறும்

கொள்ளைநோய் பரவுங்காலத்தில் மக்கள் மருந்தைத் தேடுவர். அது நீங்கிய பின்னரே அதனைப்பற்றிய நூலைத் தேடுவர் என்பது பொதுவான எண்ணம். ஆயின், 2020ஆம் ஆண்டிலே கொவிட் நோய் உலகெங்கும் பரவியபோது, அது நீங்கும்வரை காத்திராமலே மக்கள் பழைய நூல்களை நாடலாயினர். 1947இல் வெளிவந்த அல்பேட் கமுவின் ‘கொள்ளைநோய்’ என்னும் நாவல் பல நாடுகளில் மீண்டும் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. கதவடைத்த வீட்டினுள் இருந்தோர், தமக்கு நேர்ந்ததன் பொருளை எவரேனும் முன்னரே எழுதிவைத்திருப்பர் என நம்பினர் போலும். அந்நம்பிக்கைக்கு இத்துறை நூல்கள் எத்துணைத் தகுதியுடையன என்பது ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு அளவுகோல் தேடி நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுத்துக்கூறி முடிகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தை ஊட்டிப் பணிபுரிவோன் என்பன அந்நான்கு. இவற்றுள் நான்காம் உறுப்பே கருதத்தக்கது. மருத்துவனையும் மருந்தையும் எவரும் எண்ணுவர். அருகிருந்து தொண்டுசெய்வோனையும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணியமை வள்ளுவரின் நுண்ணறிவைக் காட்டும். ஒரு கொள்ளைநோய் நூல் இந்நான்கனுள் எவற்றைக் காண்கின்றது, எவற்றைக் காணாது விடுகின்றது என வினவுவோமாயின், அதன் தகுதி பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

இத்துறையிற் பெருவழக்குப் பெற்ற நூல் போல் டி கிறைவ் 1926இல் எழுதிய ‘நுண்ணுயிர் வேட்டையாளர்’ என்பதாகும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு நுண்ணுயிரைக் கண்ட லீவன்ஹூக்கிலே தொடங்கி, பாஸ்டர், கொக் முதலியோரை வருணித்து, போல் ஏர்லிக்குடன் அது முடிகின்றது. நடை விறுவிறுப்பானது. அறிவியலாளரின் பொறாமை, பிடிவாதம், தோல்வி ஆகியவற்றை மறையாது கூறுவதால் அவர்கள் நம்மோடு உறவாடும் மனிதராகத் தோன்றுகின்றனர். இந்நூலைப் படித்து அறிவியலை நாடிய இளைஞர் பலர். ஆயினும் இந்நூல் காண்பது இரண்டாம் உறுப்பை மட்டுமே. மலேரியாக் கிருமியை நுளம்பின் உடலிலே றொனால்ட் றொஸ் கண்டது 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள், செக்கந்தராபாத்திலாகும். அக்கண்டுபிடிப்புக்காக உசேன் கான் என்னும் நோயாளி, தன்னைக் கடிக்கும் ஒவ்வொரு நுளம்புக்கும் ஓரணா வீதம் பெற்றுக்கொண்டு தன் உடலை நுளம்புகளுக்குக் கொடுத்தான். வேட்டைக் கதையிலே இத்தகையோர் வந்து மறையும் துணைப்பாத்திரங்களே. றொஸ் தாமே அவ்வாறு கருதவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நோபல் பரிசு பெற்ற 1902ஆம் ஆண்டிலேயே நுளம்பொழிப்புப் படைகளை அமைப்பது எங்ஙனம் என ஒரு நூலையும், 1910இல் மலேரியாத் தடுப்புப்பற்றி மற்றொரு பெருநூலையும் அவர் வெளியிட்டார். தேங்கிய நீரை வெட்டிவிடும் கூலியாளன் இன்றேல் தம் கண்டுபிடிப்பு ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கண்டுபிடித்தவன் கண்ட உண்மையை அவனைப் புகழவந்த நூல் காணாதுபோயிற்று.

கிறைவின் நூலுக்கு மறுதலையாக விளங்குவது ஹன்ஸ் சின்சர் 1935இல் வெளியிட்ட ‘எலியும் பேனும் வரலாறும்’ என்னும் நூல். சின்சர் டைபசு நோயைத் தாமே ஆராய்ந்த அறிஞர். அவர் மருத்துவனை விடுத்து, நோயையே தலைவனாக்கி, அதற்கு வாழ்க்கை வரலாறு எழுதினார். போர்களை முடித்துவைத்தவர் தளபதிகள் அல்லர், நோய்களே என்பதை நகைச்சுவையோடு அவர் நிறுவுகின்றார். டைபசுக் கிருமியைச் சுமக்கும் பேனும் அக்கிருமியாலேயே மடிகின்றது என்பதை எடுத்துக்காட்டி, அதன்மேலும் இரக்கங் கொள்ளச் செய்கின்றார். இவ்வழியை விரித்தவர் வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல். 1976இல் வெளிவந்த ‘கொள்ளைநோய்களும் மக்களினங்களும்’ என்னும் நூலில், ஸ்பானியர் சிலர் அஸ்ரெக் பேரரசை வீழ்த்தியமைக்கு 1520இல் அங்கே பரவிய பெரியம்மையும் பெருங்காரணம் என அவர் வாதிட்டார். மன்னரையும் படையையும் மட்டுமே கண்ட வரலாற்றை இவ்விருவரும் திருத்தினர். ஆயின் இத்துணை உயரத்திலிருந்து நோக்குவோர்க்கு நோயாளியின் முகம் தெரிவதில்லை. மாண்டோர் தொகையே தெரிகின்றது.

முகம் தெரியும் நூலை இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே டானியல் டிபோ எழுதிவிட்டார். 1665இல் இலண்டனைத் தாக்கிய பிளேக்கைப்பற்றி அவர் 1722இல் வெளியிட்ட ‘கொள்ளைநோய் ஆண்டின் நாட்குறிப்பு’, நேரிற் கண்டவன் கூற்றாகவே அமைந்துள்ளது. அவ்வாண்டிலே டிபோ சிறு குழந்தை. எனவே இது புனைவு. ஆனால் மரணப் பதிவேடுகளையும் அரசாணைகளையும் நுணுகி ஆராய்ந்து கட்டிய புனைவு. அப்பதிவேடுகள் அவ்வாண்டிற் பிளேக்கினால் இறந்தோர் 68,596 பேர் எனக் கணக்கிட்டன. டிபோவின் கதைசொல்லி இக்கணக்கை நம்பவில்லை. வீட்டைப் பூட்டிக் காவல் வைப்பர் என அஞ்சிய குடும்பத்தார் பிளேக்குச் சாவை வேறு நோயின் பெயரிற் பதிவித்தனர் என அவன் காட்டுகின்றான். நலமுடையோரை நோயாளியோடு ஒருங்கே பூட்டிவைக்கும் சட்டத்தால் மக்கள் நோயை மறைத்தனர். மறைத்தமையால் நோய் பரந்தது. பிணஞ்சுமந்தோரும் நோயாளரைப் பேணியோரும் பிழைப்புக்கு வேறு வழியில்லாத ஏழைகளே என்பதையும் அவன் கூறத் தவறவில்லை. முதலாம் உறுப்பும் நான்காம் உறுப்பும் இந்நூலில் உயிர்பெற்று நிற்கின்றன.

கமுவின் நாவல் அல்ஜீரியாவின் ஓரான் நகரைக் களமாகக் கொண்டது. ஜெர்மானியர் பிரான்சை ஆண்ட காலத்தை நோயாக உருவகித்ததே இந்நாவல் என்பர். அஃது உண்மையே, எனினும், நோயை நோயாகவே கொண்டு படிப்பினும் இந்நூல் தளர்வதில்லை. மருத்துவர் றியூ பெருஞ்செயல் எதனையும் செய்தவரல்லர். நாள்தோறும் தம் கடமையைச் செய்தவர். தொண்டர் படையினர்க்காகப் புள்ளிவிவரங்களை எழுதிவைத்தவன் கிராண்ட் என்னும் சிறு எழுத்தன். கதைக்கு வீரன் ஒருவன் வேண்டுமெனின் இவனையே கொள்க எனக் கதைசொல்லி கூறுவது, நான்காம் உறுப்புக்குக் கிடைத்த பெருஞ்சிறப்பாகும். எனினும் இந்நாவலிற் பெருங்குறை ஒன்றுண்டு. அராபியரின் வாழ்நிலையை ஆராயவே றம்பேர் என்னும் செய்தியாளன் ஓரானுக்கு வருகின்றான். அவ்வாராய்ச்சி தொடக்கத்திலேயே கைவிடப்படுகின்றது. பின்னர் அந்நகரத்து அராபியர் நோயுறுவதையோ இறப்பதையோ நாம் காண்பதில்லை. கொனர் குறூஸ் ஒபிரயன் 1970இல் இக்குறையைச் சுட்டினார். நோய் அனைவரையும் சமமாக்கும் என்னும் கருத்தை நாடிய ஆசிரியர், அந்நகரிற் சமமல்லாதோர் இருந்தமையை மறந்தார்.

அவ்வாறு மறக்கப்பட்டோரையே தம் நூலின் நடுவே நிறுத்தியவர் போல் பார்மர். ஹெயிட்டி நாட்டின் மலைப்புறத்தே பணியாற்றிய இவ்வமெரிக்க மருத்துவர் 2022இல் மறைந்தார். 1999இல் வெளிவந்த ‘தொற்றும் ஏற்றத்தாழ்வும்’ என்னும் அவரது நூல் ஒரு பழிச்சொல்லை எதிர்த்து எழுந்தது. காசநோயாளர் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை. அவர்தம் அறியாமையும் மூடநம்பிக்கையுமே இதற்குக் காரணம் என மருத்துவர் பலர் கூறிவந்தனர். பார்மர் ஹெயிட்டியிற் கண்டது வேறு. நோயைச் சூனியத்தின் விளைவென நம்பியோரும், உணவும் வழிச்செலவும் கிடைத்து, வீடுதேடி வரும் கிராமத் தொண்டரும் அமைந்தபோது, மருந்தை முற்றாக உட்கொண்டு நலம்பெற்றனர். தடையாக நின்றது நம்பிக்கையன்று, வறுமை. நடையிலே பார்மருக்கு டிபோவின் எளிமை வாய்க்கவில்லை. சினம் மேலிட்ட இடங்களிற் கூறியதையே மீண்டும் கூறுவார். ஆயினும் முதலாம் உறுப்பும் நான்காம் உறுப்பும் ஒன்றையொன்று தாங்குவன என்பதைத் தாம் செய்துகண்ட பணியைக் கொண்டு அவரைப்போல் நிறுவிய நூலாசிரியர் சிலரே.

இவ்விணைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை வில்லியம் பேகியின் ‘தீப்பற்றிய வீடு’ (2011) உணர்த்தும். பெரியம்மையை ஒழித்த கதையை அந்நூல் கூறுகின்றது. 1966இன் இறுதியிலே கிழக்கு நைஜீரியாவில் அம்மைப்பால் போதாமையால், நோய் கண்ட இடத்தையும் அதனைச் சூழ்ந்தோரையும் மட்டுமே காக்க முற்பட்ட பேகியின் குழுவினர், அதுவே சிறந்த முறை எனக் கண்டனர். 1974இற் பீகாரில் நோய் பெருகியபோது, அமைச்சர் பழைய முறைக்கே திரும்பவேண்டும் என்றார். அப்போது இளம் இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்து, ஊரில் ஒரு வீடு எரிந்தால் அவ்வீட்டின்மேலன்றி எல்லா வீடுகளின்மேலும் நீர் ஊற்றுவதில்லை எனக் கூறினாராம். நூலின் பெயர்க்குக் காரணம் இதுவே. வீடுவீடாகச் சென்று தேடிய எண்ணற்ற ஊழியரால் 1975இல் இந்தியாவிலும், 1977இற் சோமாலியாவிலும் அந்நோய் முடிவுற்றது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஒழிவை அறிவித்தது. ஆனால் தென்னாசியாவிலே அப்பணியின் இறுதிக்கட்டத்திற் சில இடங்களில் மக்கள்மீது வலுக்கட்டாயமாக அம்மைப்பால் குத்தப்பட்டதை வரலாற்றாசிரியர் போல் கிறீனோ 1995இல் எடுத்துக்காட்டினார். நோயுற்றவனை மதியாத தொண்டு எளிதில் வன்முறையாகிவிடும். வெற்றியைப் பாடும் நூல்களைப் படிப்போர் இவ்வெச்சரிக்கையையும் உடன்கொண்டு படித்தல் நன்று.

இவ்வளவுகோலை இலங்கையின் அனுபவத்தோடு வைத்துப் பார்ப்பின் அதன் பயன் தெளிவாகும். 1934இற் பருவமழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. மழைவளம் மிக்க பகுதியிலே மலேரியாவுக்குப் பழகாத மக்கள், உலகப் பொருளாதார வீழ்ச்சியினால் முன்னரே வயிறு வாடியிருந்தனர். 1935 முடியுமுன் எண்பதாயிரம் பேரளவில் மாண்டனர். இதனைக் கிறைவ் எழுதின் றொஸிலே தொடங்குவார். சின்சர் நுளம்பிலே தொடங்குவார். பார்மர் வெறும் பானையிலே தொடங்குவார். மூவர் கூறுவதும் உண்மையின் ஒவ்வொரு பகுதியே.

கதை அத்துடன் முடியவில்லை. 1946இலே டி.டி.ரி. தெளிக்கும் பணி தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வென்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. மருத்துவமும் மருந்தும் அப்போதும் இருந்தன. தளர்ந்தது நான்காம் உறுப்பே. பின்னர்ப் போர் நடந்த ஆண்டுகளிலும், வடக்கிலும் கிழக்கிலும்கூட, இரத்தம் சோதிப்போரும் மருந்து தெளிப்போரும் தம் பணியை முற்றாகக் கைவிடவில்லை. உள்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012ஆம் ஆண்டு ஒக்டோபரோடு நின்றது. 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தெளிகருவியைத் தோளிற் சுமந்து ஒழுங்கைதோறும் நடந்த அவ்வூழியரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர்.

வீரர் கதைகள் வேண்டா என்பது இதன் கருத்தன்று. கிறைவின் நூல் இளம் மாணவரின் உள்ளத்திலே அறிவார்வத்தை மூட்டவல்லது. அதனைக் கல்லூரி நூலகத்திலிருந்து அகற்றுதல் அறிவுடைமையாகாது. ஆனால் அந்நூலை மட்டும் படித்த மாணவன் றொஸாக விரும்புவான். வாய்க்கால் வெட்டுவோனையும், கணக்கெழுதும் கிராண்டையும், வீடுதேடிச் செல்லும் தொண்டரையும் மதிக்கக் கற்கமாட்டான். எனவே டிபோவையும் பார்மரையும் அதனோடு சேர்த்துப் படிப்பித்தல் வேண்டும். நோய் பரவுங்காலத்து அச்சத்திலே தேடப்படும் நூல்களை, நோயற்ற அமைதிக் காலத்திலே படிப்பதே பெரும்பயன் தருவது. 1963இன் அமைதிதான் 1968இன் துயருக்கு வழிவிட்டது என்பதை அறிந்த நாட்டினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.