முர்னாவ்: நகரும் கேமராவுக்கு ஒரு தீர்ப்பு

மௌனப்பட இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'நோஸ்ஃபெராட்டு' (1922). அனுமதி பெறாமல் 'டிராகுலா' நாவலைப் படமாக்கியதால் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார்; பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பும் வந்தது. தப்பிய பிரதிகளின் புண்ணியத்தில்தான் இன்று அதைப் பார்க்கிறோம். பேயை அட்டைக் கோட்டைகளில் அடைக்காமல் அசல் மலைகளிலும் விஸ்மார் நகரத் தெருக்களிலும் நடமாடவிட்டது பெரிய துணிச்சல். ஆனால் நாயகனின் நடிப்பில் மேடை வாடை வீசுகிறது. முர்னாவை அளக்க இந்தப் படம் போதாது.

'கடைசி மனிதன்' (1924) படத்தில்தான் அவர் முழுசாக வெளிப்படுகிறார். லிஃப்டில் இறங்கி வரும் கேமரா, ஹோட்டல் முன்கூடத்தைக் கடந்து சுழல்கதவை நெருங்குகிறது, வெளியே மழை. அங்கே சீருடை மிடுக்கில் நிற்கிறார் வயதான வாயிற்காவலர், எமில் யானிங்ஸ். கனத்த பெட்டியைத் தூக்கிவிட்டுச் சற்று உட்கார்ந்ததற்காகக் கழிவறை வேலைக்குத் தள்ளப்படுகிறார். போதையில் அவர் தள்ளாடும்போது கேமராவும் தள்ளாடுகிறது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் அதை உடம்பில் கட்டிக்கொண்டு எடுத்த காட்சி அது. கதை சொல்ல ஒரே ஒரு டைட்டில் கார்டு. கிழவருக்குத் திடீர்ச் சொத்து வந்து சேரும் முடிவை அறிவிக்கத்தான் அதுவும் வருகிறது! அவமானத்தை அத்தனை நேர்மையாகக் காட்டியவர் கடைசியில் நழுவிவிட்டார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

'ஃபாஸ்ட்' (1926) படத்தில் ஊர்மேல் சிறகு விரிக்கும் சாத்தான் பிரமிக்க வைக்கிறான். ஆனால் அங்கே வித்தை மனிதர்களை விழுங்கிவிடுகிறது.

பிறகு ஹாலிவுட், ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக 'சூரியோதயம்' (1927). சதுப்பு நிலத்தில், நிலவொளியில் கள்ளக்காதலியைத் தேடிப் போகிறான் கணவன். பின்தொடரும் கேமரா நடுவழியில் அவனை விட்டு விலகி, புதரை விலக்கிக்கொண்டு அவனுக்கு முன்பே அவளிடம் போய்ச் சேருகிறது. கால் போவதற்கு முன் மனம் போய்விட்டது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொன்ன இடம் இது. பேசும் படங்கள் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதற்கு இணையாகச் சில காட்சிகளையே சொல்ல முடியும். குறைகளும் உண்டு. நகரத்துப் பெண் வெறும் வில்லி. கிராமத்து மனைவி வெறும் தேவதை. கேளிக்கைப் பூங்காவில் பன்றியைத் துரத்தும் பகுதி படத்தைத் தொய்வாக்குகிறது. தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மனைவி அத்தனை சீக்கிரம் மன்னிப்பதும் உறுத்துகிறது.

தென்கடல் தீவுகளில் எடுத்த 'தாபு' வெளியாகச் சில நாட்களே இருந்தபோது, 1931 மார்ச்சில், கலிபோர்னியாவில் கார் விபத்தில் முர்னாவ் இறந்தார். வயது 42. தொடக்க காலப் படங்கள் பலவும் 'நான்கு பிசாசுகள்' படமும் தொலைந்துவிட்டன. எஞ்சியதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்: கதாபாத்திரங்களை வார்ப்பதில் முர்னாவ் பலவீனமானவர், கேமராவால் மனதைச் சொல்வதில் மௌனப்பட உலகில் அவருக்கு மேல் ஒருவர் இல்லை. 'கடைசி மனிதன்' கட்டுக்கோப்பில் உயர்ந்தது. ஆனாலும், இத்தனை குறைகளோடும், 'சூரியோதயம்'தான் அவருடைய ஆகச் சிறந்த படம்.